தேன் நிறத் தாலர்கள்

சொட்டு மருந்து விழுந்ததும் கண் சுள்ளென்று எரிந்தது. பிறகு எரிச்சல் அடங்கி, தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்ட மருந்து நாக்கில் எப்படிக் கசக்கிறது என்று சென்னியப்பன் யோசித்தார். உள்ளே எங்கோ ஒரு சந்து இருக்க வேண்டும். அறுபத்தாறு வயது வரைக்கும் தன் முகத்துக்குள் ஓடுகிற ஒரு சந்து தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும், கசக்கக் கூடாது, நாற்பது நிமிடத்தில் மூன்று தடவை சொட்டு விடுவார்கள், கண்மணி நன்றாக விரிந்ததும் டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்ப்பார், நாளைக் காலையில் கண்புரை அறுவை சிகிச்சை. இவ்வளவையும் சிஸ்டர் சுகிர்தா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு, கடைசியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அளவெல்லாம் எடுத்தாச்சு ஐயா. உள்ள வெக்கிற லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் சுத்தமாத் தெரியும், மத்ததுக்குக் கண்ணாடி போட்டுக்கணும். தூரத்துக்கு வெக்கட்டுமா, கிட்டத்துக்கு வெக்கட்டுமா? கண்ணாடி இல்லாம எதைப் பார்க்கணும்னு யோசிச்சு வைங்க. மூணாவது சொட்டு விடறப்ப வந்து கேட்டுக்கறேன்." அவள் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. "இதுல யோசிக்க என்னுங்க இருக்குது, தூரத்துக்குன்னு சொல்லிப் போட வேண்டியதுதானே" என்றாள் அவர் மனைவி துளசிமணி. அவள் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடது கண் போன நாளிலிருந்து, கல்யாண வீடானாலும் பஸ்ஸானாலும் அவள் அந்தப் பக்கம்தான் உட்காருவாள். "சித்தெ இரு அம்மிணி" என்றார் அவர். சித்தெ என்றால் எவ்வளவு? நாற்பது நிமிடம். இருப்பது ஒரே கண். அதற்குள் வைக்கப்போவது ஒரே லென்ஸ். வைத்த பிறகு, அது வேண்டாம் இது கொடு என்று மாற்றிக்கொண்டு வர அது சட்டை இல்லை.

கிட்டத்துக்குத்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதாவது துளசிமணி வாயைத் திறக்கும்வரை இல்லை. கிட்டத்தில்தான் அவருடைய நூற்றுப் பன்னிரண்டு காசுகளும் இருக்கின்றன. மரப்பெட்டிக்குள் பன்னிரண்டு தட்டு, தட்டுக்குத் தட்டு பச்சைத் துணி, துணியில் வட்ட வட்டமாகக் குழி, குழிக்கு ஒரு தாலர். எல்லாம் பழைய ஜெர்மன் நாடுகளின் வெள்ளிக் காசுகள். யாராவது வீட்டுக்கு வந்து, ஒரே நாட்டுக் காசை இத்தனை எதற்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டால் அவர் பொறுமையாகச் சொல்வார்: அந்தக் காலத்தில் ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாதுங்க. பிரஷ்யா, பவேரியா, சாக்ஸனி, ஹனோவர் என்று பெரியவை சில, ஒரு தாலுக்கா அகலத்துக்கு லிப்பே, ராய்ஸ், வால்டெக் என்று சின்னவை பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரசர், அரசர் முகம் போட்ட காசு. நம்ம பக்கம் மைசூருக்கு ஒரு காசு, புதுக்கோட்டைக்கு ஒரு காசு, திருவிதாங்கூருக்கு ஒரு காசு என்று இருந்ததில்லையா, அதுபோல. ஆளுக்கொரு எடையில் அடித்தால் சந்தை நடக்காது என்று ஒரு நாள் எல்லாரும் கூடிப் பேசி, முப்பது தாலரைச் சேர்த்தால் அதில் ஒரு பவுண்டு சுத்த வெள்ளி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முகம் அவரவர் முகம், எடை ஒரே எடை. இந்த இடத்தில் வந்தவர் காப்பியைக் குடித்து முடித்திருப்பார். கழுத்து வெட்டுக்குக் கீழே எறும்புத் தலை அளவுக்கு ஓர் எழுத்து இருக்கும், பெர்லினில் அடித்தால் A, ஹனோவரில் அடித்தால் B என்று சொல்ல ஆரம்பிக்கும்போது, வந்தவருக்கு வேறு சோலி நினைவுக்கு வந்துவிடும். அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் கிட்டத்துப் பார்வை வேண்டும். பக்கத்தில் யாரோ முறுக்குக் கடிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டால் முறுக்குச் சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது. பல் நல்ல பல். ஆளுக்கு எழுபது வயதாவது இருக்கும், கேட்டால் அறுபத்தெட்டு என்பார். அவருக்கு எந்தக் கண்ணோ. அவருக்கு இரண்டு கண்ணும் இருக்கும். இரண்டு இருக்கிறவர் ஒன்றைத் தூரத்துக்கும் ஒன்றைக் கிட்டத்துக்கும் வைத்துக்கொண்டு, சௌகரியமாக முறுக்குத் தின்னலாம்.

இடது கண் போனது பத்து விநாடி வேலையில். மில்லில் பழுதுபார்க்கும் பிரிவில் அவர் ஃபிட்டர். ஒரு போல்ட்டின் தலையில் இருந்த பிசிறைச் சாணைக் கல்லில் வைத்துத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புக் கண்ணாடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து விநாடிக்கு எதற்கு அதைத் தூக்கி மாட்டுவது என்று நினைத்தார். ஓர் இரும்புத் துணுக்கு தெறித்தது; வலிகூடப் பெரிதாக இல்லை, யாரோ உள்ளே ஒரு விரலால் சுண்டியதுபோல இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், வெளிச்சத்தில் இருப்பது தெரியாது. கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத்தான் அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை, கண்ணாடி என்ன செய்யும். நாளைக்கும் அப்படி ஒரு பத்து விநாடி வந்தால்? டாக்டரின் கை ஒரு நூல் அளவுக்கு நகர்ந்தால், இவருக்குத் தும்மல் வந்தால்? ஹனோவர் காசு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வரக் கூடாது என்று காலையிலிருந்து காவல் வைத்திருந்தார், எப்படியோ உள்ளே வந்துவிட்டது. ஹனோவரின் கடைசி அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பார்வை இல்லாதவர். சின்ன வயதில் நோயில் ஒரு கண்ணும், பிறகு ஒரு விபத்தில் மற்றதும் போனதாகப் படித்திருக்கிறார். ஆனால் காசில் அவருடைய கண் திறந்திருக்கிறது. அச்சு வெட்டியவர் இமை, கருவிழி எல்லாம் குறைவைக்காமல் வெட்டியிருக்கிறார். அந்த அரசர் தன் முகம் பதிந்த காசை என்ன செய்திருப்பார்? தடவித்தான் பார்த்திருப்பார். சென்னியப்பன் ஒரு நாளும் காசின் முகத்தைத் தொட்டதில்லை. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், விரலின் பிசுக்கு முகத்தில் பட்டால் பட்டதுதான், அது நூறு வருஷத்துக்கு நிற்கும். பேத்தி ஆசையாக நீட்டிய கையைக்கூடத் தட்டிவிட்டிருக்கிறார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? விளிம்பில் என்ன தெரியும்? போதும். ஹனோவர் மூன்றாவது தட்டு. மூன்றாவது தட்டை உள்ளே தள்ளியாயிற்று.

முதல் தட்டு, முதல் குழி: சாக்ஸனி, ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று. அதை அவர் வாங்கவில்லை, அது தானாக வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் மில்லுக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கிற புதுக் கார்டிங் மெசின் வந்தபோது, அதைப் பூட்டிக்கொடுக்க லோதர் என்று ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வெயிலில் தக்காளிபோலச் சிவந்து, மோரை மோர் என்று சொல்லத் தெரியாமல் "மூர், மூர்" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். ஏழு வாரம் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர் சென்னியப்பன். மெசின் முதன்முதலாக முழு வேகத்தில் ஓடிய அன்று, மேனேஜர் எல்லாம் கூடி நிற்க, லோதர் பர்ஸிலிருந்து ஒரு பெரிய வெள்ளிக் காசை எடுத்து, ஓடுகிற மெசினின் இரும்புச் சட்டத்தின் மேல், காசு தன் விளிம்பிலேயே நிற்கும்படி செங்குத்தாக வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். காசு நின்றது. உள்ளே உருளை நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, காசு அசையவில்லை. மெசின் மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதிரவில்லை என்று அதற்கு அர்த்தம். கால் மணி நேரம் நின்றது. சென்னியப்பன் மெசினைப் பார்க்கவில்லை, காசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் ஓர் அரசர், விளிம்பில் ஏதோ எழுத்து, பஞ்சுத் தூசு பறக்கிற வெளிச்சத்தில் நிலாத் துண்டுபோல ஒரு வெள்ளை. ஊருக்குப் போகிற அன்று லோதர் அதை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டுப் போனார். வெள்ளை என்றா நினைத்தோம்? ஆமாம், அப்போது அது வெள்ளையாகத்தான் இருந்தது. தேன் நிறம் பிறகுதான் வந்தது, இந்த மூன்று வருஷத்தில்.

அந்தத் தேன் நிறம். அதை நினைத்ததும் மூடிய கண்ணுக்குள்ளேயே ஒரு வெதுவெதுப்புப் பரவியது. வெள்ளியைக் காற்றில் வைத்தால் கறுக்கும், எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். பொங்கலுக்கு முன்னால் திருநீறு போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்துவிடுவார்கள். நாணயம் சேர்க்கிறவர்கள் அந்தக் காரியத்தைச் செய்யவே மாட்டார்கள். தேய்த்தால் காசின் தோல் உரிந்துவிடும். வெள்ளி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுவதற்கு டோனிங் என்று பெயர், அது அழகாக அமைந்தால் காசுக்கே ஒரு மரியாதை. சிலருக்கு நீலம் விழும், சிலருக்குச் சாம்பல். சென்னியப்பனின் தாலர்களுக்கு மட்டும் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே சீராக, கொம்புத் தேன் வடிகட்டினதுபோல ஒரு நிறம் வந்தது. ஏன் வந்தது என்று ஒரு மாதம் யோசித்துக் கண்டுபிடித்தார். நூல் கோன் சுற்றுகிற மில் காகிதம் ஒரு கட்டு வீட்டில் கிடந்தது, அதைக் கத்தரித்துத் துளசிமணி பசை இல்லாமல் மடித்துக் கொடுத்த உறைகளில்தான் காசுகளை வைத்திருந்தார். அந்தக் காகிதத்தில் ஏதோ இருக்கிறது. நாணயச் சங்கத்தின் நாலு பக்க இதழில் 'வெள்ளிக்குத் தேன் நிறம்' என்று கட்டுரை எழுதினார். மூன்று உறுப்பினர்கள் காகிதம் கேட்டு வாங்கிப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்கள் காசைக் கொண்டுவந்து காட்டினபோது, அதே தேன். "வந்திருச்சுங்களா?" என்று கேட்டார்கள். "நல்லா வந்திருக்குது" என்றார். ஹார்டுவேர்க் கடை கமாலுதீன் ஒருத்தர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "சென்னியப்பண்ணா, எனக்கு என்னமோ வெள்ளையாத்தான் தெரியுது." "பார்க்கத் தெரியணும் பாய்." "அப்ப என் காசைப் பாருங்க, நான் உங்க காகிதத்தையே தொடலை." பார்த்தார். அதுவும் தேன் நிறம்தான். கொஞ்சம் யோசித்து, "கடையில கந்தகம், பெயின்ட் எல்லாம் விக்கறீங்களல்ல, அந்தக் காத்து" என்றார். கமாலுதீன் தாடியைச் சொறிந்துகொண்டு, "ஓஹோ" என்றார். அந்த ஓஹோ அன்றைக்குச் சரியாகத்தான் கேட்டது.

"ஏனுங்க, தூங்கிட்டீங்களா?" "இல்லை." "போன மாசம் சிங்காநல்லூர்ல லாரி வந்தது ஞாபகம் இருக்குதுங்களா?" "இருக்குது." "சட்டைக் காலரைப் புடிச்சு நான் இழுக்கலைன்னா?" "இழுத்துட்டயல்ல." "எப்பவும் நான் பக்கத்துலயே நின்னுட்டு இருப்பனா? அதுக்குத்தான் சொல்றேன், தூரத்துக்கு வெச்சுக்குங்க. காசு எங்கயும் ஓடிப் போயிராது. லாரிதான் ஓடிவரும்." சொல்வதில் பிசகு ஒன்றும் இல்லை. அவள் வாதங்கள் எப்போதும் அவள் மடித்த உறைகள் மாதிரி, நாலு மூலையும் சரியாகச் சேரும். தூரம் என்றால் என்ன? தூரம் என்றால் பஸ் நம்பர். மொட்டை மாடியிலிருந்து தெரிகிற மலை. கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் தெரிகிற தீபாராதனை. தெரு முனையில் திரும்புவது துளசிமணியா, எதிர்வீட்டு அம்மாவா என்பது. போன வாரம் எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்து, "எங்க போய்த் தொலைஞ்சே இவ்வளவு நேரம்" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா நல்ல மாதிரி, சிரித்துக்கொண்டே போய்விட்டது. ஆனால் தூரத்துக்கு வைத்தால் காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறந்து வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணாடியைத் தேட வேண்டும், கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டும். "உங்களுக்கென்ன, ஆபரேசன் முடிஞ்சா என்ற மூஞ்சிதான் உங்களுக்குப் புதுசாத் தெரியப் போவுது. சுருக்கமெல்லாம் எண்ணிருவீங்க, அதுதான் எனக்குப் பயம்" என்றாள் துளசிமணி. முறுக்குக்காரர் முறுக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "ரெண்டாவது சொட்டு ஐயா. அதுக்கு முன்னால சித்தெ கண்ணைத் திறங்க, ஒரு படம் காட்ட மறந்துட்டேன்." திறந்தார். வெளிச்சம் வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. சுகிர்தா ஒரு நிழலாகவும் அவள் கையில் பெரிய அட்டை ஒன்றும் தெரிந்தன. அட்டையில் வயலில் நிற்கிற கொக்கு. பக்கத்திலேயே அதே வயல், அதே கொக்கு. "இடது பக்கம் இருக்கறது கண்புரை வந்தவங்க பார்க்கற கொக்கு. வலது பக்கம் ஆபரேசனுக்கு அப்புறம் பார்க்கற கொக்கு. வித்தியாசம் தெரியுதுங்களா?" சென்னியப்பன் இடது கொக்கைப் பார்த்தார், வலது கொக்கைப் பார்த்தார். மறுபடி இடது. "ரெண்டும் ஒண்ணுதானேம்மா. ஒரே படத்தை ரெண்டு தடவை அச்சடிச்சிருக்காங்க." துளசிமணி எட்டிப் பார்த்து, "இல்லீங்க, இந்தக் கொக்கு டீத்தண்ணி மாதிரி மஞ்சளா இருக்குது, அந்தக் கொக்கு பளிச்சுன்னு வெள்ளையா இருக்குது" என்றாள். "பரவாயில்லீங்கம்மா, நிறைய பேர் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் சுகிர்தா. "கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸே பழுத்து மஞ்சளாயிடும். அது வழியாப் பார்க்கறப்ப எல்லாமே மஞ்சள்தான். கொஞ்சம் கொஞ்சமா வர்றதால அவங்களுக்கே தெரியாது." சொட்டு விழுந்தது. எரிந்தது. கசப்பு இறங்கியது. அவள் போய்விட்டாள்.

எல்லாமே மஞ்சள்தான். அவர் அந்த வார்த்தையைத் தாண்டிப் போகப் பார்த்தார், போக முடியவில்லை. எல்லாமே என்றால் கொக்கு. கொக்கு என்றால் வேட்டி, சுவர், சோறு. சோறு கொஞ்ச நாளாகப் பழுப்பாக இருக்கிறதே என்று அரிசிக் கடையை மாற்றச் சொன்னது போன வருஷம். கடையை மாற்றினார்கள். எல்லாமே என்றால் முதல் தட்டு, இரண்டாம் தட்டு, பன்னிரண்டு தட்டு. மூன்று உறுப்பினர்கள். கமாலுதீனின் காகிதம் தொடாத காசு. ஓஹோ. அந்த ஓஹோ இப்போது வேறு மாதிரி கேட்டது. காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் காசைப் பார்த்த கண், போலிக் காசை ஓர் அடி தள்ளி வைத்தே சொல்லிவிடும் என்று பெயர் எடுத்த கண், தன் மேல் படிந்த அழுக்கைக் காசின் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கட்டுரை வேறு எழுதிச் சொல்லியிருக்கிறது. அறையின் விளக்கு மஞ்சளாக இருந்தால் விளக்கை மாற்றிப் பார்த்திருப்பார்; அவர் ஃபிட்டர், எதையும் கழற்றிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். கண்ணைக் கழற்றிப் பார்க்கவில்லை. "துளசி." "சொல்லுங்க." "என்ற காசெல்லாம் என்ன நெறம்?" "வெள்ளிக் காசு வெள்ளையாத்தானே இருக்கும்." "தேன் நெறம் இல்லையா?" "ஓரத்துல சித்தெ கறுப்பு ஓடியிருக்குது, ரெண்டு மூணுல. மத்ததெல்லாம் எப்பவும்போலத்தான்." "மூணு வருசமாத் தெரியுமா உனக்கு?" "தெரியும்." "ஏன் சொல்லலை?" "நீங்க கேக்கலையே" என்றாள் துளசிமணி. குரலில் குத்தல் இல்லை, புளி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "தேன் கலர் வந்திருக்குது பாரு, பாருன்னு கூப்புட்டுக் காட்டினீங்க. பார்த்தேன். என்ன கலர்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? சரி, காசுக்காரங்க பாஷையில இதுக்குப் பேர் தேன் கலராட்ட இருக்குதுன்னு நான் உட்டுட்டேன்." முறுக்குக்காரர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். "அண்ணா, நான் மூணு வருசமா எங்க வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு சரியில்லைன்னு பெயின்டர்கூடச் சண்டை போட்டேன்" என்றார் அவர். "அவன் இனிமே எங்க தெருப்பக்கமே வரமாட்டான்."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் உடனே வரவில்லை. அடியில் இருந்து தண்ணீர் ஏறுகிற பம்புபோல முதலில் வெறும் காற்று வந்தது. அந்தத் தேன் நிறம் போய்விடும். நாளைக் காலையில் போய்விடும். மூன்று வருஷமாக விடியற்காலையில் பெட்டியைத் திறந்து உறையைப் பிரித்தால் ஒவ்வொரு காசும் கனிந்து ஒளிரும், அந்த நேரம் போய்விடும். அது பொய் என்றாலும் அவர் பார்த்தது. அதை வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, அந்த நிறம் அவர் கண்ணுக்குள்ளே அவருக்கென்று காய்ச்சியது. அதை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆனால் நினைப்பு அங்கேயே நிற்கவில்லை. வெள்ளையாக இருக்கின்றன என்றால்? அந்த மூன்று வருஷத்தில் வந்த காசுகள் பதினேழு. லிப்பே, வால்டெக், பவேரியாவின் மாதா காசு. அந்தப் பதினேழையும் அவர் இன்னும் பார்க்கவே இல்லை. வாங்கி, எடை போட்டு, உறை போட்டு, குழியில் வைத்து, பெயர் எழுதி, எல்லாம் செய்திருக்கிறார், பார்த்ததில்லை. மற்றவற்றைப் பார்த்து மூன்று வருஷமாகிறது. நாளை மறுநாள் கட்டுப் பிரித்து, பெட்டியைத் திறந்தால் நூற்றுப் பன்னிரண்டும் புதுக் காசு. ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு காசு கிடைத்த ஆள் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதழுக்கு ஒரு திருத்தம் எழுத வேண்டும். 'சென்ற இதழ்களில் வெளியான கட்டுரையில் காகிதத்துக்குக் கொடுத்த பெருமை கட்டுரையாளரின் கண்புரைக்கே உரியது.' அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்துவிட்டது. 'உறுப்பினர்கள் அந்தக் காகிதத்தில் வடை வைத்துச் சாப்பிடலாம்.' இது வேண்டாம், செயலாளர் வெட்டிவிடுவார். கமாலுதீனுக்குத் தானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடையில் ஆள் இருக்கும்போதே சொல்ல வேண்டும். பாய், பார்க்கத் தெரியணும்னு சொன்னது எனக்குத்தான்.

அப்படியானால் கிட்டமா, தூரமா? கேள்வி அதே இடத்தில்தான் நின்றது, ஆனால் அதைச் சுற்றி இருந்த தரை மாறிவிட்டது. கிட்டத்துக்கு வைத்தால் அந்த எறும்புத் தலை எழுத்து தெரியும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதில், இரண்டு கண்ணும் கத்திபோல இருந்த காலத்தில், அதை வெறும் கண்ணால் ஒரு தடவையாவது படித்திருக்கிறாரா? இல்லை. அன்றைக்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்துத்தான் படித்தார். நாளைக்கும் அதை வைத்துத்தான் படிப்பார். காசுக்கு லென்ஸ் இருக்கிறது. ரோட்டுக்குக் கண்ணாடி இருக்கிறது, போட்டுக்கொள்ள வேண்டும், கழுத்தில் தொங்கவிடக் கூடாது. இரண்டுக்கும் கருவி இருக்கும்போது, கருவியே இல்லாமல் பார்க்க வேண்டியது எது? சிஸ்டர் கேட்டது அதுதானே, அவர்தான் காசுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். அவர் காசு பார்ப்பது சாப்பாட்டு மேசையில். இந்தப் பக்கம் அவர், தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருப்பார். அந்தப் பக்கம் துளசிமணி கீரை ஆய்ந்துகொண்டோ, அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். அவர் நிமிர்ந்து "பாரு" என்பார், மறுபடி குனிந்துகொள்வார். அவள் பார்த்தபோது அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மூன்று வருஷம் அவள் வெள்ளைக் காசைப் பார்த்துக்கொண்டு, தேன் என்று கேட்டுக்கொண்டு, ஏதோ ஒரு முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நிமிர்ந்து அந்த முகத்தை ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும், காசைப் பற்றிய உண்மை அங்கேயே எழுதியிருந்திருக்கும். பார்த்தால் தெரிந்திருக்குமா? அவளும் மங்கலாகத்தான் தெரிந்திருப்பாள். ஆனால் கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைத் தேடுகிற நேரத்துக்குள் அந்த முகம் மாறிவிடும்.

"மூணாவது சொட்டு" என்று சுகிர்தாவின் குரல் வந்தது. இந்தத் தடவை அது எரியவில்லை, அல்லது எரிந்ததை அவர் கவனிக்கவில்லை. "என்னங்க ஐயா, முடிவு பண்ணிட்டீங்களா? தூரமா, கிட்டவா?" "தூரம்" என்றாள் துளசிமணி. "சித்தெ இரு. சிஸ்டர், ரெண்டுக்கும் நடுவுல வெக்க முடியுமா?" "வெக்கலாங்க ஐயா. நிறைய பேர் கேக்க மாட்டாங்க. பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணும், ரோட்டுல போறப்பவும் கண்ணாடி வேணும். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் மங்கலா இருக்கும், நடுவுல மட்டும் சுத்தமாத் தெரியும். நடுவுலன்னா எவ்வளவு தூரம்னு சொன்னீங்கன்னா டாக்டர்கிட்டக் கேட்டு எழுதிருவேன்." "ரோட்டுக்குக் கண்ணாடியா, அதை நீங்க போட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்க" என்றாள் துளசிமணி. "போட்டுக்கறேன்." "கழுத்துல மாட்டிக்குவீங்க." "கண்ணுல போட்டுக்கறேன் துளசி. போடாம வாசப்படி எறங்கினா, நீ காலரைப் புடிச்சு உள்ள இழு." அவள் யோசிக்கிறாள். வேண்டாம் என்றால் அதற்குள் சொல்லியிருப்பாள். "அப்ப எவ்வளவு தூரம் வேணுமுங்க?" என்று கேட்டாள் கடைசியில். "எந்திரிச்சு எதிர்ல வந்து உக்காரு." "எதுக்குங்க?" "நம்ம மேசைக்கு அந்தப் பக்கம் உக்காருவயல்ல, அதே மாதிரி." நாற்காலி தரையில் உரசியது. முறுக்குக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். விரிந்த கண்ணுக்குள் வெளிச்சம் கொட்டியது; எதிரே ஒரு சேலையின் நிறம், அதற்கு மேலே ஒரு மங்கல், அந்த மங்கலுக்குள் எங்கோ அவள். அவர் வலது கையை நீட்டினார். விரல் நுனி காற்றைத் தாண்டி, சேலை மடிப்பைத் தாண்டி, அவள் தோளில் போய் நின்றது. "இவ்வளவு" என்றார் சுகிர்தாவிடம். சுகிர்தா மேசை இழுப்பறையிலிருந்து டேப் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு முனையை அவர் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மறு முனையைத் துளசிமணியின் முகம்வரை இழுத்தாள். அளவு தப்பிவிடக் கூடாது என்று துளசிமணி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.